மீனாவும் டோராவும் மேச்சேரிச் சமவெளியும்

குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுள் சிறுமியைக் கதையின் நடுவில் நிறுத்தி, அவளுடைய அறிவையும் துணிவையும் கொண்டாடி, வீட்டிலும் பள்ளியிலும் ஊரிலும் அவளுக்கு உரிய இடத்தை வலியுறுத்தும் தொடர்கள் இன்று தனியொரு வகையாகவே வளர்ந்திருக்கின்றன. கதைத்தலைவி பெண் என்பதாலேயே ஒரு தொடர் இவ்வகையில் சேர்ந்துவிடுவதில்லை. அவள் தன் அறிவால் சிக்கலைத் தீர்க்கிறாளா, அவளைக் கண்டு வீட்டிலுள்ள ஆண்பிள்ளையின் போக்கு மாறுகிறதா, கதை முடியும்போது அந்த வீட்டின் வழக்கம் ஒன்றேனும் திருந்துகிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டே அத்தொடரின் தகுதியை அளக்க வேண்டும். தெற்காசியாவில் பிறந்த மீனா, அமெரிக்காவில் பிறந்து தமிழ் பேசிய டோரா, இந்தியக் கேலிச்சித்திரத் தொடர்களின் துணைப்பாத்திரச் சிறுமிகள் ஆகியோரை இவ்வளவுகோலில் நிறுத்திப் பார்த்தால், தமிழ்க் குழந்தைகளுக்கு இதுவரை கிடைத்தது எது, கிடைக்காதது எது என்பது தெளிவாகும்.

இக்கேள்வி சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் வட்டத்தில் அமைந்த மேச்சேரி, பத்ரகாளியம்மன் கோவிலாலும் ஊர்ப்பெயரையே தாங்கிய செம்மறியாட்டு இனத்தாலும் வெளியுலகுக்கு அறிமுகமான ஊர். அம்மனைப் பெருந்தெய்வமாக வணங்கும் இதே வட்டாரம் பெண்சிசுக் கொலைக்காகவும் ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. நாமக்கல் பகுதியையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தில், 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண்குழந்தைகளுக்கு 849 பெண்குழந்தைகளே இருந்தனர். வேண்டாம் என்று கருதப்பட்ட பெண்சிசுவைப் பெற்றோர் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் 1992இல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் விகிதம் 910ஐத் தாண்டியது. சட்டமும் திட்டமும் கண்காணிப்பும் உயிரைக் காக்க வல்லவை என்றாலும், காக்கப்பட்ட குழந்தைக்குத் தட்டில் எவ்வளவு சோறு விழும், ஆடு மேய்க்கவோ தறிக்குத் தார் சுற்றவோ ஆள் தேவைப்படும் நாளில் அண்ணனும் தங்கையுமாக இருப்போருள் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது யார் என்பன போன்றவற்றை அந்தந்த வீட்டின் மனநிலையே முடிவு செய்கிறது. அம்மனநிலையோடு பேசுவதற்குக் கதையைவிட நெருக்கமான கருவி அரிது.

தொட்டில் திட்டம் தொடங்கிய அதே 1992இல், வங்கதேசத் தலைநகர் டாக்காவில் மீனா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் முதல் கேலிச்சித்திரப் படம் வெளிவந்தது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், 1990ஐப் பெண்குழந்தை ஆண்டாகவும் 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண்குழந்தைப் பத்தாண்டாகவும் அறிவித்திருந்த சூழலில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப்பின் வங்கதேச அலுவலகம் இம்முயற்சியில் இறங்கியது. அவ்வலுவலகத்தில் தகவல் தொடர்புப் பணியை நடத்திய கனடாக்காரர் நீல் மெக்கீயும், இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை என்று போற்றப்படும் ராம் மோகனும் பாத்திரத்தின் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். வரைந்த படங்களை அடுக்கி உயிருள்ளவை போல நகரச்செய்யும் இக்கலையை இந்தியத் திரைப்படப் பிரிவில் 1956 முதல் பயின்று வளர்த்த ராம் மோகனோடு, தொடக்கத்தில் மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பராவின் படக்கூடமும் பணியாற்றியது.

மீனாவின் தோற்றம் ஓர் ஓவியரின் மேசையில் ஒரே நாளில் முடிவானதன்று. ஒரு படைப்பை எடுப்பதற்கு முன்பே அதன் பார்வையாளரிடம் சென்று, பாத்திரத்தின் முகம், உடை, பேச்சு, கதைப்போக்கு ஆகியவற்றைக் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறைக்கு முன்னாய்வு என்று பெயர். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் சிற்றூர்களில் பெற்றோரிடமும் குழந்தைகளிடமும் இத்தகைய முன்னாய்வு விரிவாக நடத்தப்பட்டது. இந்து, முஸ்லிம் வீடுகள் இரண்டிலும் வழங்கும் பெயர், எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியதாகத் தோன்றாத உடை, எல்லா ஊருக்கும் பொதுவான மண்வீடும் மாமரமும் பசுமாடும் என்று ஒவ்வொன்றும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டன. தம்பி ராஜுவும் மிட்டு என்ற பேசும் கிளியும் மீனாவின் நிலையான தோழர்கள்.

கோழிகளை எண்ணும் முதல் கதையில், தம்பி பள்ளிக்குப் போக, மீனா வீட்டு வேலைக்கென நிறுத்தப்படுகிறாள். வகுப்பறைச் சன்னலுக்கு அனுப்பிய கிளியின் வாயிலாக எண்ணக் கற்றுக்கொள்ளும் அவள், தன் வீட்டுக் கோழிகளுள் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்துத் திருடனைப் பிடிக்க வழிசெய்கிறாள். எண்ணறிவு குடும்பத்துக்கு இலாபம் என்பதைக் கண்ணால் கண்ட தந்தை அவளைப் பள்ளிக்கு அனுப்ப இசைகிறார். பெண்கல்வி ஓர் அறம் என்று தந்தைக்கு உபதேசிக்காமல், ஏழைக் குடியானவருக்குப் புரியும் கோழிக்கணக்கைக் கொண்டே அவரை மனம்மாற வைத்ததில்தான் கதையின் நுட்பம் இருக்கிறது.

மாம்பழத்தைப் பங்கிடும் கதை இதனினும் ஆழமானது. மீனா பறித்து வந்த பழத்தில் பெரிய பங்கு ராஜுவுக்கே போகிறது, உணவிலும் அவ்வாறே. ஆண்பிள்ளைக்கு வேலை அதிகம், ஆகவே பங்கும் அதிகம் என்ற நியாயம் சொல்லப்படும்போது, ஒரு நாள் இருவரும் வேலைகளை மாற்றிக்கொள்கின்றனர். மாடு மேய்க்க மீனா போக, பெருக்குவதும் தண்ணீர் சுமப்பதும் விறகு சேர்ப்பதுமாக ஓய்வின்றி உழலும் ராஜு, மாலைக்குள் அக்காவின் உழைப்பைத் தன் உடம்பால் உணர்ந்துகொள்கிறான். அன்று முதல் இருவருக்கும் சமபங்கு. சண்டையும் சாகசமும் இல்லாத இக்கதையில் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது: சிறுமி வழி காண்கிறாள், தம்பி மாறுகிறான், வீட்டின் வழக்கம் திருந்துகிறது. குழந்தை மணம், வரதட்சணை, வயிற்றுப்போக்கு, கழிப்பறை, பள்ளியிலிருந்து இடைநிற்றல் என்று அடுத்தடுத்த கதைகளும் இதே வழியில் சென்றன.

இத்தகைய கதைகள் பயன் தருவதன் காரணத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா வகுத்த சமூகக் கற்றல் கோட்பாடு விளக்குகிறது. மனிதர் அறிவுரையால் மட்டும் கற்பதில்லை, தம்மைப் போன்ற ஒருவர் ஒரு செயலைச் செய்வதையும் அதனால் அவருக்கு நன்மை விளைவதையும் பார்த்தும் கற்கின்றனர் என்பது அதன் சாரம். மகிழ்விக்கும் கதைக்குள் சமூகச் செய்தியைப் பொதியும் கேளிக்கைவழிக் கல்வி என்ற முறை, மெக்சிகோவில் மிகேல் சபிதோவின் தொடர்களில் வளர்ந்து, 1984இல் தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ வழியாக இந்தியாவுக்கு வந்தது. மீனா அம்முறையைக் குழந்தைகளுக்குக் கொண்டுசென்றாள். வட இந்தியாவின் பல மாநிலப் பள்ளிகளில் மாணவியர் ஒன்றுகூடித் தம் ஊரில் பள்ளியை விட்டு நின்ற சிறுமியரை மீட்க உழைக்கும் மீனா மஞ்ச் என்ற மன்றங்களும் அப்பாத்திரத்தின் பெயரிலேயே எழுந்தன. படம் பார்த்தவர்கள் கூடிப் பேசவும் செயற்படவும் ஓர் அமைப்பு வாய்த்தபோது கதையின் ஆயுள் நீண்டது.

தமிழ்நாட்டின் கதை வேறு வழியில் சென்றது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதிலும், சிற்றூர்க் கூரைகளுக்குள் அப்பெட்டி பரவலாக நுழைந்தது பின்னாளில்தான். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கி அதை ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் உரிமையாக்கியது. பெட்டி மட்டுமே ஒரு வீட்டின் பெண்களுக்கு என்ன செய்யும் என்பதைப் பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். தமிழ்நாடும் அடங்கிய சில மாநிலங்களின் சிற்றூர்களில் 2001க்கும் 2003க்கும் இடையில் திரட்டிய தரவுகளின்படி, கேபிள் இணைப்பு வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரியே என்ற எண்ணமும் ஆண்குழந்தையே வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தன. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் நகர்ப்புறப் பெண்களைச் சுற்றிய நெடுந்தொடர்களே. பெண்ணுரிமையைச் சொல்வதற்கென எடுக்கப்படாத தொடர்களே இவ்வளவு அசைவை உண்டாக்குமானால், அந்நோக்கத்துக்காகவே குழந்தைகளுக்கு எடுக்கப்படும் தொடர்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட முடியாது.

சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் தொடங்கி, நாள் முழுதும் தமிழ் பேசும் குழந்தைகள் அலைவரிசையாக வீடுகளுக்கு வந்தது. அதில் பெரும்புகழ் பெற்ற டோரா, 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் பிறந்தவள். இலத்தீன் அமெரிக்க மரபில் வந்த ஏழு வயதுச் சிறுமி. வரைபடத்தையும் முதுகுப் பையையும் துணைகொண்டு, தமிழில் புஜ்ஜி என்று பெயர் பெற்ற குரங்குத் தோழனோடு காடும் ஆறும் கடந்து அவள் மேற்கொண்ட பயணங்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் குழந்தைகளும் தம் சொந்தக் கதையாகவே கொண்டாடினர். பார்வையாளரை நோக்கிக் கேள்வி கேட்டு, அவர்கள் விடை சொல்லும் வரை காத்திருக்கும் அவளது உத்தி, பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பங்கேற்பாளராக மாற்றியது. வழிகாட்டி ஒரு சிறுமி, அவள் சொல்படி நடப்போர் பலர் என்ற காட்சியை ஆண்பிள்ளைகளும் வியப்பின்றி ஏற்றனர் என்பது சிறிய செய்தியன்று. எனினும் இரண்டாம் மூன்றாம் கேள்விகளின் முன் டோரா நின்றுவிடுகிறாள். தடையே இல்லாத வீட்டிலிருந்து புறப்படுபவள் அவள். வாசலைத் தாண்டவே அனுமதி தேவைப்படும் சிறுமிக்கு அவள் ஆசையை ஊட்டுகிறாள், வழியைக் காட்டுவதில்லை.

இந்தியாவில் உருவான தொடர்களின் நிலை இன்னும் பின்தங்கியது. 2008இல் போகோ அலைவரிசையில் தொடங்கிப் பெருவெற்றி கண்ட ‘சோட்டா பீம்’ தொடரில் சுட்கி என்ற சிறுமி உண்டு. ஆனால் சிக்கலைத் தீர்ப்பவன் பீமனே, பக்கத்தில் நின்று உதவுபவள் சுட்கி. அதன்பின் வந்த தொடர்கள் பலவற்றிலும் ஆண்பிள்ளையே தலைவன். சிறுமியின் கதையை ஆண்பிள்ளைகள் பார்க்கமாட்டார்கள், ஆண்பிள்ளையின் கதையை இருவரும் பார்ப்பார்கள் என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக நிலவும் வணிக நம்பிக்கை. டோராவின் வெற்றிக்குப் பிறகும் அது முழுதாக மறையவில்லை. ஒரு பிரிவினரைத் திரையில் காட்டாமலேயோ அற்பமாகக் காட்டியோ அவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று உணர்த்துவதை, ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரும் அவரைத் தொடர்ந்து கே டக்மனும் குறியீட்டு அழிப்பு என்று அழைத்தனர். வீட்டிலும் இரண்டாம் இடம், திரையிலும் இரண்டாம் இடம் என்றால் அதுவே இயற்கை என்று குழந்தை நம்பத் தொடங்குகிறது.

மாறான முயற்சிகளும் இல்லாமலில்லை. ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடரின் இந்திய வடிவமாக 2006இல் வந்த ‘கலி கலி சிம் சிம்’, எப்போதும் பள்ளிச் சீருடையில் தோன்றும் சம்கி என்ற பொம்மைச் சிறுமியை முன்னிறுத்தியது. ‘செசமி ஸ்ட்ரீட்’டின் ஆப்கானிஸ்தான் வடிவம் 2016இல் சாரி என்ற சிறுமியை அறிமுகப்படுத்தியது. பெண்கள் பள்ளியை மூட முனைவோரை நூலும் எழுதுகோலும் கொண்டு எதிர்க்கும் ஆசிரியையின் கதையான ‘புர்கா அவெஞ்சர்’ 2013இல் பாகிஸ்தானில் வெளியானது. இவை ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டுச் சிறுமி எதிர்கொள்ளும் தடையைப் பெயர் சொல்லிப் பேசியவை.

தமிழில் அவ்வாறு இம்மண்ணின் தடையைப் பேசும் மீனா ஒருத்தி நிலைபெறவில்லை. மொழிமாற்றம் பெற்ற கதைத்தலைவியரே நம் குழந்தைகளுக்குக் கிடைத்தனர். தடைகளோ வெளிப்படையானவை: பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்துதல், பதினெட்டு நிறையும் முன் திருமணம், விசைத்தறிக் கூடத்து வேலை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்துவிட்டது. அத்தொகையைப் பெறும் இடம்வரை ஒரு சிறுமி படிப்பைத் தொடர்வாளா என்பதை அவள் வீடு பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்கிறது. அம்முடிவை எடுப்போர் மாலை வேளையில் குழந்தைகளோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர்.

இதற்கான வாயில் அரசிடமே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடங்களை ஒளிபரப்புவதோடு நில்லாமல், முன்னாய்வு செய்து உருவாக்கிய ஒரு கதைத்தொடரையும் தயாரிக்கலாம். அத்தொடரின் சிறுமி மேச்சேரி ஆட்டு மந்தையைக் கணக்கிடட்டும், சந்தையில் எடைக்கல்லைச் சரிபார்க்கட்டும், வங்கிப் படிவத்தைப் பாட்டிக்கு நிரப்பித் தரட்டும். அவளுடைய அண்ணன் அடுப்படியில் நிற்கட்டும். மேச்சேரியிலும் ஓமலூரிலும் ராசிபுரத்திலும் பெற்றோரிடமும் சிறாரிடமும் முதலில் காட்டித் திருத்திய பின்பே அது ஒளிபரப்பாக வேண்டும். ஒளிபரப்புக்குப் பின் பள்ளி மன்றங்களில் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குழந்தைகள் பார்க்கும் தொடரில் சிக்கலைத் தீர்ப்பவர் யார், சும்மா நிற்பவர் யார் என்று மகளிடமும் மகனிடமும் ஒருசேரக் கேளுங்கள், பிறகு அன்றைய இரவு உணவை இருவருக்கும் சமமாகவே பரிமாறுங்கள்.