என்பும் மூட்டும்

உடம்பைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. அவற்றுள் யாக்கை என்பது ஒன்று. யாத்தல் என்றால் கட்டுதல். ஆகவே, யாக்கை என்னும் சொல் கட்டப்பட்டது எனப் பொருள்படும். எலும்போடு எலும்பைப் பொருத்தி, நாரினால் பிணித்து, தசையால் போர்த்து அமைந்த உடம்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது? அக்கட்டின் வலிமை, என்பு எனப் பழந்தமிழர் வழங்கிய எலும்பிலும், எலும்புகள் கூடும் மூட்டிலும் அடங்கியுள்ளது.

எலும்பு என்றவுடன் உலர்ந்த கட்டை போன்றதொரு பொருளே பலர் நினைவுக்கு வருகிறது. அஃது உண்மையன்று. உடம்பினுள் இருக்கும் எலும்பு உயிருள்ள உறுப்பு. அதனுள் குருதி ஓடுகிறது, நரம்புகள் ஊடுருவுகின்றன. அது வளர்கிறது, தேய்கிறது, முறிந்தால் மீண்டும் கூடுகிறது. உழைப்பவரிடம் உரம் பெறுகிறது, சோம்பியிருப்பவரிடம் மெலிகிறது.

பிறந்த குழவியின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புகள் உள்ளன. வளர்ந்தவர்க்கோ பெரும்பாலும் 206 எலும்புகளே உள்ளன. எஞ்சியவை மறைந்துவிடவில்லை, ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. இடுப்பின் பின்புறத்தே தனித்தனியாக இருந்த ஐந்து முள்ளெலும்புகள் வளர்ச்சியில் ஒரே எலும்பாகிவிடுதல் இதற்குச் சான்றாகும். எல்லாவற்றினும் நீண்டது தொடையெலும்பு. எல்லாவற்றினும் சிறியது நடுச்செவியில் உள்ள அங்கவடி எலும்பு. அதன் நீளம் 3 மில்லிமீட்டர் அளவே. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகளும், கணுக்கால் முதல் விரல் நுனி வரை ஒரு காலில் 26 எலும்புகளும் உள்ளன. இரு கைகளையும் இரு கால்களையும் கூட்டினால் 106 ஆகும். இது மொத்தத் தொகையிற் பாதிக்கும் மேல். எழுதுதல், நெய்தல், யாழ் மீட்டுதல் முதலிய நுண்தொழில்களைக் கை செய்வதும், மேடு பள்ளங்களில் கால் தடுமாறாது ஊன்றி நிற்பதும் இச்சிறு எலும்புகளின் கூட்டுறவினாலேயாம்.

எலும்புகள் உடலைத் தாங்குவதோடு அமைவதில்லை. மண்டையோடு மூளையைக் காக்கிறது. பன்னிரண்டு இணை விலா எலும்புகள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அரணாகின்றன. சில எலும்புகளின் உள்ளே இருக்கும் செம்மச்சை, நொடிதோறும் 20 இலட்சம் அளவில் குருதிச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. உடலில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே சேமிக்கப்பட்டிருக்கிறது. குருதியில் அச்சத்துக் குறையும்போது, எலும்பு தன் சேமிப்பிலிருந்து கொடுத்து உதவுகிறது.

எலும்பு எவற்றால் ஆனது என்பதை எளிய இரண்டு சோதனைகளால் அறியலாம். கோழியின் கால் எலும்பைக் காடியில் சில நாள் ஊறவைத்தால், அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்துவிடும். பின்னர் அவ்வெலும்பு முறியாமல் வளையும். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டு நன்றாக எரித்தால், அதிலுள்ள நார்ப்பொருள் அழிந்துவிடும். எஞ்சிய எலும்பு விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கடினம் தருவது சுண்ணாம்பு. நெகிழ்வு தருவது நார். கம்பியும் சிமெண்டும் சேர்ந்து கட்டடத்துக்கு உறுதி தருவது போல, இவ்விரண்டும் சேர்ந்தே எலும்புக்கு உறுதி தருகின்றன. மேலும், கைகால்களின் நீண்ட எலும்புகள் மூங்கிலைப் போல உட்குழல் உடையவை. ஒரே அளவு பொருளால் செய்த திண்ணிய கோலினும் உட்குழலுடைய கோல் வலிமை மிக்கது என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

எலும்புகள் கூடும் இடமே மூட்டு. மண்டையோட்டின் மூட்டுகள் தையலிட்டாற்போல இறுகியவை, அவை அசைவதில்லை. முதுகெலும்பின் மூட்டுகள் சிறிதே அசையும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் முதலியவற்றின் மூட்டுகள் நன்கு அசைவன. முழங்கை மூட்டு, கீல் பொருத்திய கதவைப் போல மடங்கி நிமிரும். கழுத்தின் முதல் முள்ளெலும்பு, குடுமியில் சுழலும் பழங்காலக் கதவைப் போல இரண்டாம் முள்ளெலும்பின் முளையைச் சுற்றித் திரும்பும். தோளும் இடுப்பும் கிண்ணத்துள் பந்து பொருந்திய அமைப்பை உடையவை. தோளின் கிண்ணம் ஆழமற்றது. ஆதலால் கை எத்திசையிலும் சுழலும். ஆயின் எளிதில் நழுவவும் கூடும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது, ஆதலால் சுழற்சி குறைவு, உறுதி மிகுதி. வேலைக்கேற்ற அமைப்பு என்பது இதுவே.

அசையும் மூட்டுகளில் எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியுள்ளது. இடையே உள்ள வழுவழுப்பான நீர் உராய்வைத் தடுக்கிறது. குருத்தெலும்புக்குக் குருதிக் குழாய்கள் இல்லை. நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும், கடற்பஞ்சு நீரை உறிஞ்சி விடுவது போல, அது மூட்டு நீரிலிருந்தே ஊட்டம் பெறுகிறது. எனவே, அளவான அசைவே மூட்டுக்கு உணவாகும். முறிந்த எலும்பு கூடும். ஆனால் சிதைந்த குருத்தெலும்பு எளிதில் மீண்டும் வளர்வதில்லை.

எலும்பினுள் இருவகை உயிரணுக்கள் ஓயாது உழைக்கின்றன. ஒருவகை பழையதை அரித்து நீக்கும். மற்றொருவகை புதியதைக் கட்டும். சுமை மிகும் இடத்தில் கட்டும் வேலை ஓங்கும். சுமை குறையும் இடத்தில் அரிக்கும் வேலை ஓங்கும். எலும்பு தன் வேலைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்னும் இவ்வுண்மையை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். டென்னிஸ் ஆடுவோரின் ஆடும் கை எலும்பு மற்றைக் கை எலும்பினும் தடித்திருக்கும். எடையற்ற நிலையில் விண்வெளியில் வாழ்வோர்க்கோ, உடலைத் தாங்கும் எலும்புகளின் செறிவு திங்களுக்கு ஏறத்தாழ 100க்கு ஒரு பங்கு வீதம் குறைகிறது. அதனால் அவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர்.

மாணவப் பருவத்தினர்க்கு இச்செய்தி மிக இன்றியமையாதது. ஒருவர் வாழ்நாளில் அடையக்கூடிய எலும்புச் செறிவில் பெரும்பகுதி 20 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. நடுவயதுக்குப் பின் அது சிறிது சிறிதாகக் குறையும்; மகளிர்க்கு 50 வயதையொட்டி விரைந்து குறையும். சேமிப்புக் குறைந்தவர் முதுமையில் வழுக்கி விழுந்தால், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழ நேரும். அறுவடைக் காலத்தில் குதிரை நிரப்பாத உழவன் பஞ்ச காலத்தில் வருந்துவது போன்றது இது. கேழ்வரகு, பால், எள், கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை சுண்ணாம்புச் சத்தைத் தருவன. அச்சத்தை உடல் ஏற்பதற்கு வேண்டிய வைட்டமின் டி, வெயில் படும்போது தோலில் உண்டாகிறது. ஓட்டமும் குதிப்பும் விளையாட்டும் அதனை எலும்பில் நிலைபெறச் செய்கின்றன. புகைப்பழக்கம் எலும்பை நலிவுறச் செய்கிறது.

யாக்கை பிறப்பிலேயே கட்டி முடிக்கப்பட்ட வீடன்று; நாள்தோறும் கட்டப்பட்டு வரும் வீடாகும். அதற்கு அடித்தளம் இடும் காலம் இளமையே. உண்பதும் ஓடியாடுவதும் அவ்வீட்டைக் கட்டும் பணியென உணர்ந்து ஒழுகும் இளைஞர், முதுமையிலும் பிறர் தோளை நாடாது தம் காலில் நிமிர்ந்து நிற்பர்.