கடல்குதிரையை அளப்பது எப்படி?

மூளையின் மேல் மடிப்புகளுக்கு அடியில், காதுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கிறது ஹிப்போகாம்பஸ். கிரேக்கத்தில் கடல்குதிரை என்று பொருள். உருவம் பார்த்து வைத்த பெயர். புதிய நினைவுகள் பதிய இது வேண்டும். அல்சைமர் நோய் முதலில் அரிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் அதன் கன அளவை அறிய இத்தனை அக்கறை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையைப் பொதுவாக 1 மி.மீ. கனசதுரங்களாகப் பிரித்துக் காட்டும். ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் சுமார் 3,500 கனசதுரங்கள் அடங்கும். எண்ணிவிடலாமே என்று தோன்றும். எல்லை எங்கே என்பதுதான் சிக்கல். முன்னால் ஒட்டியிருக்கும் அமிக்டலா என்ற பகுதியும் அதே சாம்பல் நிறம். நிபுணர்கள் ஒவ்வொரு வெட்டுப்படத்திலும் கையால் கோடு வரைந்துதான் பிரித்தார்கள். ஒரு மூளைக்கே மணிக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் புரூஸ் ஃபிஷல் குழுவினர் 2002இல் இதற்கு ஒரு தானியங்கி முறையை வெளியிட்டார்கள். ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது. நிபுணர்கள் வரைந்த மூளைகளிலிருந்து பாடம் கற்ற அது, ஒவ்வொரு கனசதுரத்திலும் மூன்றைப் பார்க்கிறது: எவ்வளவு வெளிச்சம், மூளையில் எந்த இடம், அக்கம்பக்கத்தில் யார். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமிக்டலா ஹிப்போகாம்பஸுக்கு முன்னும் மேலும் இருக்கலாம், பின்னால் இருக்காது. நிறம் கைவிட்ட இடத்தில் இந்த அண்டை வீட்டு அறிவுதான் எல்லையைப் போடுகிறது.

வரும் எண்ணை அப்படியே நம்பலாமா? ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தால் அளவு குறைந்து காட்டும். பெரிய மண்டையில் பெரிய ஹிப்போகாம்பஸ் இருப்பது இயல்பு என்பதால், மண்டையின் உள்ளளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மென்பொருளின் பதிப்பு மாறினாலும் விடை மாறும். 2012இல் வந்த ஓர் ஆய்வில், அதே படங்களுக்கு ஃப்ரீசர்ஃபரின் புதிய பதிப்பும் பழைய பதிப்புகளும் தந்த மூளைப் பகுதிகளின் கன அளவுகள் சராசரியாக 8.8 சதவீதம் வேறுபட்டன. அல்சைமர் நோயாளிக்கு ஹிப்போகாம்பஸ் ஓர் ஆண்டில் சுருங்குவது சுமார் 4 முதல் 5 சதவீதம்தான். பதிப்பு மாறியதையே நோய் முற்றியதாகப் படித்துவிட முடியும்.

ஆகவே வீட்டுப் பெரியவருக்கு இப்படி அளவு பார்த்தால், மறுமுறையும் முடிந்தவரை அதே ஸ்கேன் இயந்திரத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். பிலிமோடு நிற்காமல் படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது இருந்தால்தான் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே பதிப்பில் அளந்து ஒப்பிட முடியும்.