ஈமாக்ஸில் சாளரம் அமைத்தல்

மூலமும் உரையும் அருகருகே நின்றாலன்றி ஒப்புநோக்கல் செவ்வனே நடைபெறாதென்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. சென்ற பருவத்தில் நாம் திருக்குறள் மூலத்தையும் பரிமேலழகர் உரையையும் கணினியில் தட்டெழுதி ஒப்புநோக்கலானோம். அதற்கு நாம் கைக்கொண்ட கருவி ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தியாகும். ஐயந்தோன்றி உதவிக்குறிப்பைத் திறக்குந்தோறும், அஃது உரை நின்ற இடத்தைக் கவர்ந்துகொண்டது. ஒருகால் உரையை மீட்டுக் கொணருங்கால் ஒரு குறளைத் தவறவிட்டோம். அவ்வதிகாரத்தில் எஞ்சிய குறள்களெல்லாம் உரைமாறி நின்றன. ஆசிரியர் சுட்டிய பின்னரே பிழையை உணர்ந்தோம். கருவியின்மேற் குறைகூறினோம், ஆராய்ந்தபோது, அதன் அமைப்பை அறியாமையே குறையென்பது புலனாயிற்று. நாம் அறிந்தவற்றை நம் மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஈமாக்ஸ் 1976-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்தது. இன்று பெரிதும் வழங்கும் க்னூ ஈமாக்ஸை ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். பயில்வோர் தத்தம் கருத்திற்கேற்ப ஏறக்குறைய எதனையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

முதற்கண் மூன்று சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். பிற மென்பொருள்கள் 'விண்டோ' எனக் கூறுவதனை ஈமாக்ஸ் 'ஃபிரேம்' என்கிறது. அதனை நாம் சட்டம் என்போம். அச்சட்டத்தினுள் வகுக்கப்படும் பகுதிகளே இதன் 'விண்டோ', அஃதாவது சாளரம். சாளரத்தின் வழியே காணப்படும் உரை 'பஃபர்' எனப்படும். வீட்டின் சாளரத்தை அடைத்தமையால் வெளியேயுள்ள மரம் அழிந்துவிடாததுபோல, சாளரத்தை மூடினும் பஃபர் அழியாது. ஒரே உரையின் இருவேறு பகுதிகளை இரு சாளரங்களிற் காண்டலும் கூடும்.

கண்ட்ரோல் விசையோடு எக்ஸை அழுத்திப் பின்னர் 2-ஐ அழுத்தின் சாளரம் மேலுங்கீழுமாகப் பிரியும். 3-ஐ அழுத்தின் இடமும் வலமுமாகப் பிரியும். 1-ஐ அழுத்தின் நாம் நிற்கும் சாளரமொன்றே எஞ்சும். 0-வை அழுத்தின் அச்சாளரம் மட்டும் மறையும். ஓ என்னும் எழுத்தை அழுத்தின் அடுத்த சாளரத்திற்குச் செல்லலாம். எனினும் இவ்வாறு கையால் அமைத்தவை, வேறு ஏற்பாடு செய்யாவிடின், ஈமாக்ஸை மூடியவுடன் நீங்கிவிடும். நிலைத்து நிற்கவேண்டியவற்றைத் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும்.

அக்கோப்பில் எழுதத்தக்கவை நான்கு. முதலாவது சட்டத்தின் அளவு. அகலம் எழுத்துக் கணக்கிலும் உயரம் வரிக் கணக்கிலும் குறிக்கப்படும். 'இனிஷியல்' என்று தொடங்கும் பட்டியல் முதற் சட்டத்திற்கு மட்டுமே உரியது. 'டிஃபால்ட்' என்று தொடங்குவது எல்லாச் சட்டங்களுக்கும் பொது.

இரண்டாவது பிரிவின் எல்லை. ஈமாக்ஸ் தானே ஒரு சாளரத்தைப் பிரிக்க நேரின், மேலுங்கீழுமாகப் பிரிக்க 80 வரி உயரமும், அருகருகே பிரிக்க 160 எழுத்து அகலமும் உளவோ என நோக்கும். சிறுதிரையுடையார் 160 என்பதனை 120 ஆகக் குறைத்துக்கொள்ளின், 60 எழுத்தளவுடைய இரு சாளரங்கள் அருகருகே அமையும்.

மூன்றாவது, எப்பஃபர் எவ்விடத்தில் தோன்றவேண்டுமென்னும் விதி. நம் பிழைக்கு மருந்தாயது இதுவே. 'டிஸ்ப்ளே பஃபர் அலிஸ்ட்' என்னும் பட்டியலில், உதவிக்குறிப்புச் சட்டத்தின் அடியிற் காற்பங்கு உயரமுள்ள பக்கச் சாளரத்தில் தோன்றுக என எழுதினோம். அன்றுமுதல் உரை தன்னிடம் பெயராது நிற்கின்றது.

நான்காவது 'வின்னர்' முறை. இதனை இயங்கச் செய்தால், சாளர அமைப்புக் கலைந்தவிடத்துக் கண்ட்ரோலோடு சியையும் பின்னர் இடப்பக்க அம்புவிசையையும் அழுத்தி முன்னைய அமைப்பை மீட்டுக்கொள்ளலாம்.

தமிழ் எழுதுவார் கருதத்தக்கது பிறிதொன்றுண்டு. அகலத்தை எழுத்துக் கணக்கிற் குறிப்பினும், தமிழெழுத்துக்கள் ஓரளவினவல்ல. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே இடத்தைக் கொள்ளா. ஆதலின் எண்ணை மட்டும் நம்பாது, சொல்லின் எல்லையில் வரியை மடக்கும் 'விஷுவல் லைன்' முறையையும் மேற்கொள்வது நலம்.

இவையனைத்தையும் ஒரே நாளில் எழுதிவிட முயலவேண்டா. ஒரு விதியை எழுதுக. ஒரு வாரம் அதனோடு பழகுக. பின்னர் அடுத்ததற்குச் செல்லுக. நாமும் அவ்வதிகாரத்தை மீண்டும் முதற் குறளினின்று ஒப்புநோக்கினோம். இம்முறை பத்துக் குறளும் தத்தம் உரையோடு நின்றன.