கஞ்சா பழக்கம்: சிகிச்சை இருக்கு, போகத்தான் தயக்கம்!

போதை மறுவாழ்வு என்றாலே நமக்கு மதுதான் முதலில் ஞாபகம் வரும். கஞ்சா என்றால் ‘அது போலீஸ் விஷயம்’ என்று ஒதுங்கிவிடுகிறோம். பழக்கம் உள்ளவரோ, “இது செடிதானே, நெனைச்சா நாளைக்கே விட்டுருவேன்” என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மறைந்துவிடுகிறது. விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

எத்தனை பேருக்கு உதவி தேவை?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. பாங்கு, கஞ்சா, சரஸ் என ஏதாவது ஒரு வடிவில் சுமார் 3.1 கோடி இந்தியர்கள் பயன்படுத்துவதாக அது சொல்கிறது. அதில் சுமார் 72 லட்சம் பேருக்கு அந்தப் பழக்கத்துக்காக உதவி தேவை. ஆனால், சட்டவிரோதப் போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் எப்போதாவது உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார்.

வசதி குறைவு மட்டும் இதற்குக் காரணமில்லை. அமெரிக்காவில் 2021-ல் எடுத்த அரசு ஆய்வில், மது அல்லது போதைப் பழக்கக் கோளாறு இருந்தும் சிகிச்சை பெறாதவர்களில் 96 சதவீதத்துக்கும் மேலானோர், தங்களுக்குச் சிகிச்சை தேவை என்றே நினைக்கவில்லை.

ஏன் தெரிவதில்லை?

குடியை நிறுத்தினால் கை நடுங்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கஞ்சா அப்படி இல்லை. அதில் உள்ள டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் உடலின் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், படபடப்பு, பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்தில் அதிகமாகி, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் குறையும். தூக்கப் பிரச்சினை மட்டும் சிலருக்குக் கொஞ்சம் நீளும்.

இது விடும்போது வரும் அறிகுறி என்று தெரியாதவர், “அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது” என்று மறுபடி பொட்டலத்தைத் தேடுவார். நோயை உண்டாக்கியதையே மருந்தாக நினைக்கும் இடம் இதுதான்.

உங்களை நீங்களே கேளுங்கள்

• நினைத்ததைவிட அதிகமாகப் புகைக்கிறேனா?
• விட முயன்று முடியாமல் போனதா?
• வேலை, ஷிப்ட், படிப்பு கெடுகிறதா?
• வீட்டில் சண்டை வந்தும் தொடர்கிறேனா?
• பழைய அளவு இப்போது பத்தவில்லையா?

மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்கள் மொத்தம் 11. ஓர் ஆண்டுக்குள் இரண்டு பொருந்தினாலே அது கோளாறு. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

“போனா கேஸ் போட்ருவாங்களோ?”

பலரைத் தடுக்கும் பயம் இது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் (1985) 64ஏ பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். விற்பனைக்கு இது பொருந்தாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் நோய்தான். உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது உங்கள் உரிமை.

எங்கே போவது?

முதல் படி உங்கள் கையில் இருக்கும் போன்தான். 14416 (டெலி மானஸ்) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

நேரில் என்றால், பக்கத்தில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். அடுத்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டிவைப்பது சட்டப்படி குற்றம்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

கஞ்சாவை விட வைக்கும் தனி மாத்திரை இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. உளவியல் ஆலோசனைதான் முக்கிய மருந்து: எந்த நேரம், எந்த இடம், எந்தக் கூட்டாளி என்று ஆசையைத் தூண்டுவதைக் கண்டுபிடித்து, அதைச் சமாளிக்கப் பழகுவது. தூக்கமின்மை, பதற்றம் இருந்தால் அதற்கு மட்டும் மருந்து தருவார்கள். பெரும்பாலானோருக்கு ‘அட்மிட்’ ஆக வேண்டிய தேவை இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே வந்து போகலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கோயிலில் கயிறு கட்டுவது மன உறுதிக்கு நல்லதுதான். ஆனால் முதல் வாரத்தின் தூக்கமில்லாத இரவுகளுக்கு மருத்துவரும் வேண்டும். அந்த நாள்களில் பையன் எரிந்து விழுந்தால், ‘திருந்தவே மாட்டான்’ என்று முடிவு கட்டாதீர்கள். அவன் விட முயல்வதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அவன் இன்னும் தயாராக இல்லை என்றாலும், 14416-க்கு நீங்களே பேசி ஆலோசனை கேட்கலாம்.