பிள்ளையை அணியோடு அனுப்பலாமா?



பள்ளியில் நன்றாகக் கபடி ஆடுகிற மகளைப் பார்த்துப் பயிற்சியாளர் ஒருவர், “எங்கள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள், வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப் போகிறோம்” என்கிறார். பெற்றோருக்குப் பெருமையும் வருகிறது, பயமும் வருகிறது. நம் திருப்பூரில் பல வீடுகளில் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பிள்ளையோடு கூடப் போக யாருக்கு நேரம் இருக்கிறது?

லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், 12 வயது இயேசுவும் ஒரு பயணக் கூட்டத்தோடுதான் எருசலேமுக்குப் போனார். திரும்பும்போது அவர் கூட்டத்தில்தான் இருப்பார் என்று நம்பி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் தூரம் வந்துவிட்டார்கள். பிறகு தேடித் திரும்பி, மூன்று நாளுக்குப் பின் கோவிலில் கண்டார்கள். கூட்டத்தோடு அனுப்புவது தவறு என்று இந்த நிகழ்ச்சி சொல்லவில்லை. கூட்டம் பிள்ளையை அழைத்துப் போகலாம். பெற்றோரின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியாது என்றே சொல்கிறது. எனவே முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, இது யாருடைய ஆசை? பயிற்சியாளர் இல்லாத வேளையில் பிள்ளையிடம் பேசுங்கள். தோற்ற நாளிலும் மறுநாள் பயிற்சிக்குப் போக மனம் வருகிறதா என்று கேளுங்கள். நமக்குக் கிடைக்காத மேடையைப் பிள்ளை நமக்காக ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது, அங்கே யார் பொறுப்பு? எங்கே தங்குகிறார்கள், பெண் பிள்ளைகளோடு பொறுப்பான பெண் ஒருவர் போகிறாரா, பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்யலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. 1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.

மூன்றாவது, வீடு தாங்குமா? ஷூ, பயணம், சாப்பாடு, கட்டணம் என்று ஓராண்டுச் செலவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். வட்டிக்கு வாங்கியோ, தம்பியின் படிப்புப் பணத்தை எடுத்தோ அனுப்ப வேண்டாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தேர்வுப் போட்டிகள் நடத்தி, தேர்வாகும் மாணவ மாணவியரை விளையாட்டு விடுதிகளில் சேர்க்கிறது. அங்கே தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

“இப்போது விட்டால் எல்லாம் போச்சு” என்று யாராவது அவசரப்படுத்தினால், சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா தறி வேலை, அம்மா சாலையோரக் கோழிக்கறிக் கடை. ஏறக்குறைய 20 வயது வரை ஊரில் டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட் ஆடினார். 2015இல் ரஞ்சிப் போட்டியில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவர், 2020 டிசம்பரில் இந்திய அணிக்காகப் பந்து வீசினார். எல்லாருக்கும் அப்படி அமையாதுதான். ஆனால் ஓராண்டு காத்திருப்பதால் திறமை அழிந்துவிடாது.

ஞாயிறு போட்டி இருந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போகலாம், அல்லது போகிற ஊர் ஆலயத்தின் நேரத்தை முன்பே கேட்டு வைக்கலாம்.

அனுப்புவதென்று முடிவானால், முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் அனுப்புங்கள். அது முடிந்ததும் இந்த மூன்று கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். “போதும்மா, நான் வீட்டிலேயே இருக்கிறேன்” என்று பிள்ளை சொன்னால், செலவழித்த பணத்தைச் சொல்லிக் காட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து நாசரேத்துக்குத் திரும்பிய பிறகும் இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் வளர்ந்தார். வீடு திரும்புகிற பிள்ளையும் தோற்றுப்போன பிள்ளை அல்ல.