ரூஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இரைச்சல்

பிக்கரிங்கிலிருந்து கிங்ஸ்ரன் வீதியால் மேற்கே போனால், ரூஜ் ஆற்றைக் கடந்ததும் ஸ்காபரோ. கடைக்கும் கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் என்று நாங்கள் கிழமைக்கு இரண்டு தரமாவது போய்வரும் வழி. எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. ஹெவி மெற்றல் கேட்பவர்களுக்கு அது 'சாக்ரிஃபைஸ்' குழுவின் ஊர்.

அந்தக் குழு தொடங்கியது 1983-இல். அந்த ஆண்டு எங்களுக்கு எப்படிப் போனது என்று இங்கே எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த காலத்தில்தான் இந்தப் பொடியளும் தங்கள் முதல் தட்டைப் போட்டார்கள். பெரிய நிறுவனம் எதுவும் அதை வெளியிடவில்லை. வெளியிட்டது 'டயபோலிக் ஃபோர்ஸ்' என்ற சின்ன நிறுவனம். சாத்தானின் படை என்று தமிழாக்கினால் எங்கள் அம்மாமார் பயந்துவிடுவார்கள். உண்மையில் அதன் பின்னால் இருந்தது ஒரு இசைத்தட்டுக் கடை.

கடையின் பெயர் 'றெக்கோர்ட் பெட்லர்'. வேறெங்கும் கிடைக்காத வெளிநாட்டுத் தட்டுக்களை இறக்கி விற்ற ரொறன்ரோக் கடை. அதை நடத்திய பென் ஹொஃப்மன் 'ஃபிரிஞ் புரொடக்ற்' என்று ஒரு வெளியீட்டு நிறுவனத்தையும் வைத்திருந்தார். பங்க் குழுவொன்றில் பாடிய பிரையன் ரெய்லர் அங்கே மெற்றலுக்கென்று தனியாகக் கவனித்த கிளைதான் டயபோலிக் ஃபோர்ஸ்.

கடைக்காரர் ஏன் தட்டுப் போட வேண்டும்? யார் என்ன கேட்டு வருகிறார்கள், எது முடிந்துபோய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது கல்லாவில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஒலிப்பதிவுக் கூலி, அச்சுக்கூலி, அட்டைப்படம் எல்லாவற்றுக்கும் காசை முன்னதாகப் போட வேண்டும். மற்றக் கடைகள் சரக்கை எடுத்துக்கொண்டு பிறகுதான் பணம் தரும். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடைவெளியில்தான். தட்டு விற்காமல் அல்ல. சொந்தக் கடையும் விநியோகமும் கையில் இருந்ததால் இவர்களால் கொஞ்சம் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இது எங்களுக்குப் புதிதல்ல. வானொலியில் வராத எங்கள் பாட்டுக்களைக் கசெற்றில் பிரதி எடுத்து, பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூள் பக்கற்றுக்குப் பக்கத்தில் வைத்து விற்ற ஆட்கள் நாங்கள். மெற்றல்காரரும் அப்படித்தான் தொடங்கினார்கள்: ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு தபாலில் கசெற் மாற்றிக்கொண்டார்கள். 1986-இல் புளோரிடாவிலிருந்து சக் ஷுல்டினர் என்ற இளைஞர் ரொறன்ரோவின் 'ஸ்லோற்றர்' குழுவில் சேர வந்ததும் அந்தத் தொடர்பின் காலத்தில்தான். சில கிழமைகளில் திரும்பிப்போன அவர், அடுத்த ஆண்டு தன் 'டெத்' குழுவின் முதல் அல்பத்தை வெளியிட்டார். ஸ்லோற்றரின் 'ஸ்ராப்பாடோ'வும், சாக்ரிஃபைஸின் இரண்டாவது அல்பமான 'ஃபோர்வர்ட் ரு ரேர்மினேஷ'னும் டயபோலிக் ஃபோர்ஸ் வெளியீடுகளாக அதே 1987-இல் வந்தன. சாக்ரிஃபைஸின் 'றீ-அனிமேஷன்' பாட்டு மச்மியூசிக் தொலைக்காட்சியிலும் ஓடியது.

இந்த இரைச்சலை நாங்கள் ரசிக்கிறோம் என்று பொய் சொல்லமாட்டோம். நிலவறையிலிருந்து அது மேலே வரும்போது கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தியவர்கள்தான் நாங்களும். ஆனால் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபிரிஞ், 'டேய்க்லோ அபோர்ஷன்ஸ்' என்ற பங்க் குழுவின் தட்டுக்களையும் வெளியிட்டது. வேண்டுமென்றே அசிங்கமாக எழுதி எல்லோரையும் சீண்டுகிற குழு அது. ஒட்டாவாவை அடுத்த நேப்பியனில் ஒரு பொலிஸ் அதிகாரியின் மகள் அந்தத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தகப்பன் பார்த்துவிட்டார். 1988-இல் ஆபாசப் பொருள் பரப்பியதாக வழக்கு வந்தது, பாடியவர்கள்மீது அல்ல, தட்டை வெளியிட்டு விநியோகித்தவர்கள்மீது. பெரிய நிறுவனமாக இருந்தால் சட்டத்தரணிகள் பட்டாளமே இருக்கும். இவர்களோ கடையின் வருமானத்தை நம்பி வாழ்ந்தவர்கள். 1990-இல்தான் ஜூரி அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்றது.

மகளின் கையில் அந்த அட்டையைக் கண்ட தகப்பனை எங்களால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அவருடைய கோபம் எங்களுடைய கோபமும்தான். ஆனாலும் பாட்டையும் பத்திரிகையையும் அச்சிட்டதற்காக ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அந்தத் தீர்ப்பு சும்மா ஒரு செய்தி அல்ல.

சாக்ரிஃபைஸ் தன் நாலாவது அல்பத்தை 1993-இல் அமெரிக்காவின் 'மெற்றல் பிளேட்' ஊடாக வெளியிட்டு, பிறகு கலைந்துபோனது. 2006-இல் மறுபடி சேர்ந்தார்கள். 2009-இல் புதிய அல்பம் வந்தது. அதற்குள் பொடியளுக்கும் எங்களைப்போல நாற்பது தாண்டியிருந்தது.