எரிச்சலைச் சொல்லும் ஆங்கிலமும் எமது முறைப்பாடுகளும்

பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளிலும், பசறை, பண்டாரவளை, வெலிமடை முதலிய இடங்களின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்கும் எமது பிள்ளைகளுக்கு மரபுத்தொடர்கள் பெரும்பாலும் பட்டியலாகவே வந்து சேர்கின்றன. ஒரு பக்கத்தில் ஆங்கிலத் தொடர், மறுபக்கத்தில் தமிழ்ப் பொருள். சலிப்பையும் எரிச்சலையும் குறிக்கும் தொடர்கள் பலவும் 'எரிச்சலூட்டுதல்' என்ற ஒரே பொருளோடு முடிந்துவிடுகின்றன. எதனை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லலாகாது என்பது அப்பட்டியலில் இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது.

'ஃபெட் அப்' என்பது திகட்டத் திகட்ட ஊட்டப்பட்ட நிலையாகும். நாம் 'அலுத்துவிட்டது', 'கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது' என்று சொல்வதற்கு அது நெருங்கி வரும். 'கெட் ஒன் மை நேர்வ்ஸ்' என்பது விடாத நச்சரிப்புக்கு உரியது. பூனையின் உரோமத்தை எதிர்ப்புறமாகத் தடவினால் அது சிலிர்த்துக்கொள்வது போல, ஒருவர் தம்மை அறியாமலே பிறரை முகஞ்சுளிக்க வைப்பதனை 'ரப் த ரோங் வே' என்பர். ஓயாது தொல்லை தருபவரை ஆங்கிலேயர் கழுத்துவலி என்கின்றனர். நாம் தலைவலி என்கின்றோம். வலி சற்று மேலேறியிருக்கின்றது, அவ்வளவுதான்.

இவற்றுள் 'த லாஸ்ட் ஸ்ட்ரோ' எம்மைச் சிறிது நிறுத்திச் சிந்திக்க வைப்பது. ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோல் என்பது அதன் பொருள். வள்ளுவரோ வலியறிதல் அதிகாரத்திலே, மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று இதனையே சொல்லிவைத்தார். கடைசியாக ஏறிய சிறு பொருளே எல்லோர் கண்ணிலும் படுகின்றது. அதற்கு முன்னர் ஏறியவற்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறியதொரு காரணத்துக்காகத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டனர் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இத்தொடர் எமது நினைவுக்கு வருவதுண்டு.

எரிச்சலைச் சொல்வதில் எமது மொழி ஆங்கிலத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 'கரைச்சல் தராதே' என்பது இலங்கைத் தமிழுக்கே உரிய பேச்சு. அச்சொல் சிங்களப் பேச்சு வழக்கிலும் இடம்பிடித்துள்ளது. முஸ்லிம் வீடுகளிலே 'முசீபத்து' என்ற சொல் புழங்குகின்றது. அறபு மொழியில் அது பெருந்துன்பத்தைக் குறிப்பது. எமது வீடுகளிலோ ஒழுகும் தண்ணீர்க் குழாயும் முசீபத்துதான்!

ஆயினும் மலையகத்தில் எரிச்சலை வெளிப்படையாகச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் ஒரேயளவாக இருந்ததில்லை என்பது வரலாறு. தோட்டத்துக்குப் புதிதாக வரும் ஆங்கிலேயச் சின்னதுரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டில் ஏ.எம். பெர்குசன் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். தலைப்பே ஓர் ஏவல், அதுவும் ஒருமையில். 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் வெளியிட்ட நூலுக்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர். துரை தமது எரிச்சலைப் பிரட்டுக்களத்தில் தொழிலாளியின் சொந்த மொழியிலேயே கொட்டித் தீர்க்கலாம். தொழிலாளி பதில் சொன்னால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலைக்காரரின் 'இன்சொலன்ஸ்', அதாவது துடுக்குப் பேச்சு, தண்டனைக்குரிய குற்றம் என்றது. அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். தோட்டத் தொழிலாளருக்கு எதிரான இத்தகைய தண்டனை விதிகள் 1920களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகம் தனது எரிச்சலை லயத்துக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

அந்தச் சட்டம் போயிற்று. எனினும் மேலிடத்துக்கு மனக்குறையை எவ்வாறு எழுதுவது என்ற தயக்கம் முற்றாகப் போய்விடவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் தமிழில் அலுவல் ஆற்றும் உரிமையை மேலும் விரிவாக்கியது. 1999இல் பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை உள்ளிட்ட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆகவே அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவது எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. ஆனால் 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் கம்பனிகளின் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. அங்குதான் பட்டியலில் படித்த ஆங்கிலம் பிள்ளைகளைக் கைவிட்டுவிடுகின்றது.

லயத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றித் தந்தைக்காகக் கடிதம் எழுதும் மாணவி, 'வி ஆர் ஃபெட் அப்' என்று தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் அது நண்பரிடம் பேசும் பேச்சு. படிக்கும் அதிகாரி கூரையை மறந்து, எழுதியவரின் தொனியைப் பிடித்துக்கொள்வார். மறுபுறம், 'தங்கள் பாதம் பணிந்து' என்ற எமது பழைய மனு நடையை அப்படியே ஆங்கிலமாக்கினால், முறைப்பாடு இரந்து கேட்பதாகிவிடும். இரண்டுமே கூரையைத் திருத்த உதவா.

அலுவலக ஆங்கிலத்தில் எரிச்சல் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றது. 'வி ஆர் டிசப்பொயின்டட்', அதாவது ஏமாற்றமடைந்துள்ளோம் என்பதே அங்கு கடுமையான சொல்லாகும். எந்தத் திகதியில் அறிவித்தோம், யார் வந்து பார்த்தார், என்ன வாக்களிக்கப்பட்டது, இன்று எத்தனை நாள் கடந்துள்ளது என்ற விபரங்களே மீதியைச் சொல்லிவிடும். இரண்டாவது கடிதத்தில் 'அஸ் ஸ்டேட்டட் இன் அவர் ஏர்லியர் லெட்டர்' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். 'எமது முன்னைய கடிதத்தில் குறிப்பிட்டவாறு' என்ற அச்சாதுவான வரிக்குள், ஏன் இன்னும் பதிலில்லை என்ற அதட்டல் அடங்கியிருக்கின்றது. அதே வரி அலுவலகத்திலிருந்து எமக்கு வருமாயின், அங்கேயும் எவரோ எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.